வாழைப்பழம் ஆகாதென எவ்வாறு அறிவது?

வாழைப்பழம் தின்றவுடன் வாய் தினவெடுத்து, உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டதெனச் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். "அது சூடு, இது குளிர்ச்சி" என்று பழத்தின்மேல் பழி போட்டு, வீட்டிலுள்ள குழந்தைகளுக்குங்கூட அதை விலக்கிவிடுவோரும் உண்டு. மருத்துவர்கள் இதனை ஒவ்வாமை என்பர். பழத்திலுள்ள புரதத்தை உடல் பகையெனக் கருதி எதிர்ப்பதால் வருவது இது. எந்தப் பழத்தால் வந்தது என்பதைத் தோல் சோதனையால் ஆராயலாம்.

முன்கையின் உட்புறத்தில் இச்சோதனை நடைபெறுகிறது. புட்டியில் வரும் சாற்று மருந்தில் பழப் புரதங்கள் எளிதில் சிதைந்துவிடுவதால், புதிய பழத்தையே பயன்படுத்துவதுண்டு. ஊசி முனையைப் பழத்தில் குத்தி, அதே முனையால் தோலின் மேற்பரப்பில் இலேசாகக் குத்துவர். அருகிலேயே உப்புநீரால் ஒரு குத்தும், ஹிஸ்டமின் என்னும் பொருளால் ஒரு குத்தும் இடுவர். முன்னது தடிக்கக்கூடாது, பின்னது தடிக்க வேண்டும். அப்போதுதான் சோதனை நம்பத்தக்கது. கால் மணி நேரத்திற்குப் பின், பழம் பட்ட இடத்துத் தடிப்பு உப்புநீர் பட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாயிருப்பின், உடல் அப்பழத்தை எதிர்க்கிறதெனக் கொள்வர். தினவுக்கு உண்ணும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளை மருத்துவர் சொற்படி சில நாள் முன்னதாகவே நிறுத்த வேண்டும்; இல்லையேல் ஹிஸ்டமினுங்கூடத் தடிக்காது போகலாம்.

ஆயினும், தடிப்பு ஒன்றே தீர்ப்பாகாது. கை தடித்தும் அப்பழத்தை யாதொரு தொல்லையுமின்றி உண்போர் உளர். எதைத் தின்றோம், எத்தனை நிமிடத்தில் தினவு கண்டது, பச்சையாக உண்டோமா வேகவைத்தா என்று நாம் கூறும் விவரத்தோடு சேர்த்தே மருத்துவர் முடிவு காண்பார். சில புரதங்கள் வெப்பத்தில் கெடுவதால், பச்சைக் கேரட் ஆகாதவர் சிலர் அதனைக் கறியில் உண்ணக் காண்கிறோம்.

நம் தொழிலுக்கும் இதற்கும் ஓர் உறவுண்டு. ரப்பர் பாலின் சில புரதங்கள் வாழை, அவகாடோ, கிவி, பப்பாளி ஆகியவற்றின் புரதங்களை ஒத்தவை. 1994இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் இத்தொடர்பை விளக்கியெழுதினர். ரப்பர் கையுறையால் தடிப்புக் காண்போரில் சிலருக்கு இப்பழங்களும் ஆகா. எனவே, பால் பட்டுக் கை தடிப்பதுண்டாயின் அதனையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலில் கலக்கும் அமோனியாவால் வரும் எரிச்சல் வேறு, அது ஒவ்வாமையன்று.

வீட்டில் ஊசியால் குத்திப் பார்ப்பது கூடவே கூடாது. அரிதாகச் சோதனையின்போதே மூச்சுத் திணறல் ஏற்படலாம் என்பதால், அட்ரினலின் மருந்தை அருகில் வைத்துக்கொண்டே மருத்துவமனையில் இதைச் செய்கின்றனர். பழம் தின்று மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ, சோதனை நாளுக்குக் காத்திராது உடனே 999 எண்ணை அழையுங்கள்.