சுகர் இருக்கிறது என்றால் சர்க்கரை டப்பாவா? கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து உடல்நல ஆங்கிலம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுடன் வீடியோவில் பேசத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான். பிள்ளையுடன் தமிழில் பேசுவதால் ஆங்கிலம் எதற்கு என்று நினைத்திருந்தேன்.

2022 ஜனவரியில் ஒரு நாள் இரவு ஒன்றரை மணி. இங்கிலாந்தில் அப்போது மாலை மணி எட்டு. அங்கே படித்துக்கொண்டிருந்த என் மகனிடமிருந்து அழைப்பு. திரையில் தெரிந்ததோ அவனுடன் தங்கியிருந்த ஆங்கிலேய நண்பன். மகன் காலையிலிருந்து வாந்தி எடுத்துப் படுத்துவிட்டான் என்றான். நான் பதறி, "ஹீ ஹாஸ் சுகர்! ஹீ ஹாஸ் சுகர்!" என்றேன். அந்தப் பையன் நிதானமாக, "எஸ், வீ ஹாவ் சுகர்" என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினான்.

அடுத்து, "யூ கோ டு டாக்டர்" என்றேன். "மீ? ஐ ஆம் ஃபைன்" என்றான். நல்ல வேளையாகப் படுக்கையிலிருந்தே என் மகன் "டயபட்டீஸ்" என்று முனகினான். நண்பனின் முகம் மாறிவிட்டது. உடனே 111-க்கு டயல் செய்தான். அங்கே மருத்துவ ஆலோசனைக்கு அதுதான் எண். உயிருக்கு ஆபத்து என்றால் 999. என் மகனுக்கு இருப்பது இன்சுலின் போட்டே தீர வேண்டிய டைப் ஒன் சர்க்கரை நோய். அவர்களுக்கு வாந்தி நிற்காவிட்டால் இரத்தத்தில் கீட்டோன் கூடி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்துக்கொண்டான்.

நாம் இங்கே ஆங்கிலம் என்று நினைத்துப் பேசும் சில சொற்கள் அங்கே செல்லாது. "சுகர்" என்றால் டயபட்டீஸ். "பிரஷர்" என்றால் ஹை பிளட் பிரஷர். "லூஸ் மோஷன்" என்றால் பலருக்கு விளங்காது, "டயரியா" என்று சொல்லுங்கள். "வாமிட்டிங் சென்சேஷன்" என்பதற்கு இங்கிலாந்தில் "ஐ ஃபீல் சிக்" போதும். அமெரிக்காவில் அதே வாக்கியத்துக்குப் பொதுவாக உடம்பு சரியில்லை என்றுதான் பொருள் கொள்வார்கள். அங்கே குமட்டலுக்கு "ஐ ஃபீல் நாஷியஸ்". "சர்ஜரி" இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் சாதாரண டாக்டரின் கிளினிக்கையே சர்ஜரி என்பார்கள். "அவன் சர்ஜரிக்குப் போயிருக்கிறான்" என்றால் அலறாதீர்கள். நம் பாராசிட்டமால் மாத்திரைக்கு அமெரிக்காவில் பெயர் அசிட்டமினோஃபென்.

எத்தனை நாளாக என்பதிலும் நாம் தவறுகிறோம். "சின்ஸ் டூ டேஸ்" அல்ல, "ஃபார் டூ டேஸ்". கிழமை சொன்னால்தான் "சின்ஸ்" வரும். "ஹீ ஹாஸ் ஹேட் எ ஃபீவர் சின்ஸ் மண்டே" என்றால் திங்கள் முதல் காய்ச்சல். வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! விண் விண் என்று தெறித்தால் "த்ராபிங்". எரிந்தால் "பர்னிங்". சுருக்கென்று குத்தினால் "ஷார்ப்". மந்தமாக வலித்துக்கொண்டே இருந்தால் "டல் ஏக்". குடைச்சலுக்கு மட்டும் சரியான சொல் எனக்கு இன்னும் சிக்கவில்லை.

இனி அறிவுரை. "யூ ஷுட் டேக் ரெஸ்ட்" என்பது சாதாரண யோசனை. வயதில் மூத்தவரிடம் "ஒய் டோன்ட் யூ சீ எ டாக்டர்?" என்று கேட்பது பணிவாக இருக்கும். "யூ ஹேட் பெட்டர் சீ எ டாக்டர்" என்பதில் 'ஹேட்' இருப்பதால் நடந்து முடிந்த கதை என்று எண்ணாதீர்கள். உடனே போ, போகாவிட்டால் வம்பு என்ற எச்சரிக்கை அது. அன்றிரவு நான் சொல்லியிருக்க வேண்டியது, "ப்ளீஸ் டேக் ஹிம் டு ஹாஸ்பிடல் ரைட் நவ்." அந்த 'ஹிம்' இல்லாமல் போனதில்தான் எல்லாக் குழப்பமும்.

இவற்றைப் பழக உங்கள் கம்ப்யூட்டரே போதும். விண்டோஸ் 10 அல்லது 11-இல் நோட்பேடைத் திறந்து, விண்டோஸ் கீயையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். மைக் படத்துடன் சிறிய பெட்டி வரும். இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும், கீபோர்ட் மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். இப்போது வாக்கியத்தைச் சொல்லுங்கள். நீங்கள் பேசியது எழுத்தாக வரும். நான் "ஃபீவர்" என்றேன், கம்ப்யூட்டர் நீர்நாயைப் போன்ற "பீவர்" என்ற விலங்கின் பெயரை டைப் செய்தது! மேல் பல்லால் கீழுதட்டைத் தொட்டு நாலைந்து முறை சொன்ன பிறகுதான் காய்ச்சல் வந்தது.

உச்சரிப்பைக் கேட்க கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி தளத்துக்குச் சென்று சொல்லை டைப் செய்யுங்கள். பிரிட்டன், அமெரிக்க உச்சரிப்புகளுக்குத் தனித்தனி ஸ்பீக்கர் படங்கள் இருக்கும். கிளிக் செய்து கேளுங்கள். முழு வாக்கியம் என்றால் கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஆங்கிலமாகவே டைப் செய்து ஸ்பீக்கர் படத்தை கிளிக் செய்யலாம். தமிழ்ப் பேச்சு வழக்கை அப்படியே கொடுத்து மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம். அதுவும் என்னைப் போலச் சர்க்கரை டப்பாவைக் காட்டக்கூடும்.

சரியாக வந்த வாக்கியங்களை ஒரு ஃபைலில் சேர்த்து டெஸ்க்டாப்பிலேயே சேமித்து வையுங்கள். பதற்றத்தில் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேட முடியாது. வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். என் ஃபைலில் முதல் வரி: "மை சன் ஹாஸ் டைப் ஒன் டயபட்டீஸ்."