பார்சல் சென்னைக்குப் போனது, அரிசி எங்கே போனது?

"ஐயா, அரிசியில வண்டு ஓடுதுங்க" என்று ஒரு குறுஞ்செய்தி. கூடவே ஒரு படம். எங்கள் கருப்புக் கவுனிதான். எங்கள் பையிலேயே இருக்கிறது. பைக்குள் நாலைந்து வண்டு, கண்ணாடி போட்டுப் பார்த்தால் இன்னும் அதிகம் இருக்கும். செய்தி வந்தது ஷார்ஜாவில் இருந்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஷார்ஜாவுக்கு அரிசியே அனுப்பவில்லையே!

பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் சரி. முகவரி சென்னை, ஏதோ ஒரு தொழிற்பேட்டைக் கிடங்கு. பெயருக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று. அனுப்பும்போது வீட்டுக் கதவு எண் என்று நினைத்திருந்தேன். அது கதவு எண் இல்லை. வெளிநாட்டுக்குப் பார்சல் மாற்றி அனுப்பும் நிறுவனம் ஒன்றில் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருந்த வாடிக்கையாளர் எண். பார்சலை அனுப்பி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வங்கியில் 34 ஆண்டு வேலை பார்த்தவன் நான். அதில் ஆறு ஆண்டு அன்னியச் செலாவணிப் பிரிவு. திருப்பூர் பனியனுக்கும் தூத்துக்குடி முந்திரிக்கும் ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். என் சொந்த அரிசி கடல் தாண்டியது எனக்கே தெரியாமல் போனதை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இணையத்தில் விற்கும் நம் உழவர்களுக்கு இந்த மாதிரி முகவரிகள் இப்போது அடிக்கடி வருகின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் உள்ள ஒரு நிறுவனத்தில் பதிந்துகொள்கிறார். அவருக்கு ஓர் இந்திய முகவரி கிடைக்கிறது. நம்மிடம் அரிசி, இன்னொருவரிடம் புடவை, வேறொருவரிடம் பித்தளைக் குத்துவிளக்கு என்று அந்த முகவரிக்கே வரவழைக்கிறார். நிறுவனம் எல்லாவற்றையும் கிடங்கில் சேர்த்துவைத்து, ஒரே பெட்டியாகக் கட்டி, விமானத்தில் ஏற்றுகிறது. தனித்தனியாக அனுப்புவதைவிட அவருக்குச் செலவு குறைவு. நமக்கோ உள்ளூர்க் கூரியர் செலவோடு வேலை முடிந்தது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இ-பே நிறுவனமே தன் விற்பனையாளர்களுக்கு இதுபோன்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. விற்பவர் உள்நாட்டு மையத்துக்கு அனுப்பினால் போதும், அங்கிருந்து கடல் தாண்டுவதை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால் பனியன் வேறு, அரிசி வேறு.

கிடங்கில் சேர்த்துவைப்பது என்றேன் அல்லவா, அங்கேதான் நமக்கு இடி. மற்ற பொருள்கள் வந்து சேரும்வரை நம் பார்சல் காத்திருக்கும். ஷார்ஜா பெண் தீபாவளிப் புடவைக்காகக் காத்திருந்தார். கவுனி சென்னை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே ஐந்து வாரம் கிடந்தது. ரசாயனப் புகை போடாத அரிசி அது. வண்டின் முட்டை அரிசிக்கு உள்ளேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நல்ல வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ஒரு மாத அளவில் முட்டை வண்டாகி வெளியே வந்துவிடும். கணக்குச் சரியாக இருக்கிறது, பாருங்கள். தவிடு நீக்காத அரிசிக்கு இன்னொரு வம்பும் உண்டு. தவிட்டில் உள்ள எண்ணெய் வெப்பத்தில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். கடை அரிசிக்கு இந்த இரண்டு கவலையும் குறைவு, ஏனென்றால் அதில் வண்டு தின்ன ஒன்றும் மிச்சமில்லை!

பணத் தகராறுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் கணவர் கொஞ்சம் கோபக்காரர். தன் வங்கி மூலம் அட்டைப் பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார். பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் என் கணக்கில் இருந்து 3,840 ரூபாயை நிறுத்திவைத்துவிட்டு, ஆதாரம் கொடு என்றது. என்னிடம் பில் இருந்தது, கட்டும்போது எடுத்த படம் இருந்தது, கிடங்கில் கையெழுத்து வாங்கிய கூரியர் சீட்டு இருந்தது. வாங்குபவர் கொடுத்த முகவரியில் நல்ல நிலையில் ஒப்படைத்தேன், அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பணம் எனக்கே வந்தது.

ஜெயித்தாயிற்று. ஆனால் அந்தப் பெண் சாப்பிட ஆசைப்பட்டு வாங்கிய அரிசியைக் குப்பையில்தானே கொட்டினார்? பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். என் மனைவி, "முழுசையும் அனுப்புங்க, பாவம், பேரைக் கெடுத்துக்காதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை. வங்கிக்காரப் புத்தி.

அதற்குப் பிறகு சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். பெயரோடு எண் ஒட்டிய முகவரியோ, கிடங்கு முகவரியோ வந்தால் உடனே போன் போட்டு, "கடைசியில் எந்த நாட்டுக்குப் போகுது? எத்தனை நாள் கிடங்கில் இருக்கும்?" என்று கேட்டுவிடுகிறோம். அரிசியை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்து, நன்றாக ஆறவிட்டு, ஈரம் இல்லை என்று பார்த்து, காற்றை உறிஞ்சும் பையில் கட்டுகிறோம். பத்து நாளுக்கு மேல் கிடங்கில் இருக்கும் என்றால் அரிசி இல்லை, வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறோம். இதனால் போன ஆர்டர்கள் சில உண்டு. போகட்டும்.

எண்ணெய்ப் பாட்டில் கதையையும் சொல்லவேண்டும். நாங்கள் இரண்டு அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டியதைக் கிடங்கில் பிரித்து, எங்கள் பெட்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு குக்கருக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டிவிட்டார்கள். நல்லெண்ணெய் முழுக்கப் பட்டுப்புடவைக்குத்தான். பிரித்துக் கட்டுவது அவர்கள் வழக்கம். ஏனென்றால் விமானச் சரக்கில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் அளவையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது கூரியரில் பரவலான கணக்கு. 40க்கு 30க்கு 30 பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே மூன்று கிலோ அவல்தான் இருந்தாலும் 7.2 கிலோவுக்குக் காசு. அவல், பொரி விற்பவர்கள் இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

"பில்லுல விலையைக் குறைச்சுப் போட்டுக் கொடுங்க சார், அங்க வரி கம்மியாகும்" என்று கேட்பவர்கள் நிறைய. நான் போடுவதில்லை. பில்லில் இருப்பது என் பெயர். அது தவிர, 4,000 ரூபாய்ச் சரக்கை 900 என்று காட்டினால், வழியில் தொலைந்தாலும் 900-க்குத்தான் ஈடு கேட்க முடியும். இன்னொன்று: அமெரிக்காவில் 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்கு வரி இல்லை என்ற சலுகை இருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அதை எல்லா நாட்டுக்கும் நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்தில் நம் அஞ்சல் துறையே சில வாரங்கள் அமெரிக்கப் பார்சல்களைப் பெரும்பாலும் வாங்கவில்லை. வரி கட்டவேண்டியவர் வாங்குபவர்தான், ஆனால் திட்டு வாங்குவது நாம்.

நம் நாட்டுச் சட்டமும் குறுக்கே வரும். 2023 ஜூலை 20-இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் தூயமல்லி பச்சரிசி 10 கிலோ சென்னைக் கிடங்குக்குப் போயிருந்தது. அவர்கள் ஏற்ற மறுத்தார்கள். அரிசி திரும்பி வந்தது, திரும்பி வந்த கூரியர் செலவு என் தலையில். தடை 2024 செப்டம்பர் 28-இல்தான் நீங்கியது.

ஏமாற்று ஆர்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு ஒருவர் 60 கிலோ மஞ்சள்தூள் கேட்டார். விலை பேசவில்லை, மாதிரி கேட்கவில்லை. விலைக்கு மேல் 22,000 ரூபாய் சேர்த்து அனுப்புகிறேன், அதை என் பார்வர்டிங் ஏஜெண்டுக்கு நீங்கள் கட்டிவிடுங்கள் என்றார். பணம் வந்துவிட்டது என்று வங்கி அனுப்பியதுபோல ஒரு மின்னஞ்சலும் வந்தது. என் கணக்கில் ஒரு பைசா வரவில்லை. நான் கட்டியிருந்தால் அந்த 22,000 என் சொந்தப் பணம். ஏஜெண்டும் அவரே, வாங்குபவரும் அவரே. மஞ்சள் அவருக்கு எதற்கு? திருட்டு அட்டையில் வாங்குபவர்களுக்கும் இந்தக் கிடங்கு முகவரி வசதிதான். முதல் ஆர்டரே பெரிதாக இருந்து, அட்டை ஒரு நாட்டிலும் பார்சல் இன்னொரு நாட்டிலும் முடிந்தால், இரண்டு நாள் பொறுத்து, பேசிப் பார்த்து அனுப்புங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது விதை. "மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், ஒவ்வொன்றிலும் கால் கிலோ விதைநெல். சென்னை முகவரிக்கு அனுப்பினால் போதும்" என்று ஒருவர். பேச்சு மரியாதையாக இருந்தது. தோட்டத்தில் போட்டுப் பார்க்கவாம். நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டவர். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் நாம். விதையைப் பகிர்ந்துகொள்வது நம் உரிமை என்று 2001-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் அது உழவருக்கு உழவர். வெளிநாட்டவரோ, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரோ நம் உயிர்வளத்தை ஆராய்ச்சிக்கோ வணிகப் பயனுக்கோ எடுக்கவேண்டுமானால், 2002-ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். தோட்டத்துக்கா ஆராய்ச்சிக்கா என்று கிடங்கு முகவரியைப் பார்த்து எனக்கு எப்படித் தெரியும்? பயிர்நலச் சான்று இல்லாத விதையைப் பல நாடுகள் வாசலிலேயே பிடித்து அழித்துவிடும் என்பது வேறு. 2020-இல் அமெரிக்காவில் கேட்காமலேயே தபாலில் வந்த விதைப் பொட்டலங்களால் எழுந்த பரபரப்பை நீங்களும் படித்திருப்பீர்கள்.

பயிர்நலச் சான்று வாங்கித்தான் அனுப்பவேண்டும், மீனம்பாக்கம் பயிர்த் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் கேட்போம், உயிர்ப்பன்மை ஆணையத்திலும் கேட்போம் என்று எழுதினேன். பிறகு அவரிடமிருந்து பதில் இல்லை. அவர் உண்மையிலேயே தோட்டக்காரராக இருந்திருக்கலாம். இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

சான்றிதழ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது பி.ஜி.எஸ். சான்று. அது உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும். அங்ககப் பொருள் என்று சொல்லி நாமே ஏற்றுமதி செய்ய என்.பி.ஓ.பி. சான்று வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் பரிவர்த்தனைச் சான்றும் வேண்டும். கிடங்கு முகவரிக்கு அனுப்பும்போது நம் கணக்கில் அது உள்நாட்டு விற்பனை. பணம் ரூபாயில் வருகிறது, ஜி.எஸ்.டி. உள்நாட்டு விகிதம், ஏற்றுமதிக்கான சலுகை எதுவும் கிடையாது. கிடங்குக்காரர் அதை வெளியே அனுப்பும்போது எந்தப் பெயரில் அறிவிக்கிறார், பரிசு என்கிறாரா, சரக்கு என்கிறாரா என்பது நமக்குத் தெரிய வருவதே இல்லை. எனக்கு இதுதான் பிடிக்காத இடம்.

மாதம் ஒன்றிரண்டு ஆர்டர்தான் என்றால் கிடங்கு முகவரியே போதும். பொடி, வெல்லம், உலர்ந்த பொருள் என்றால் தைரியமாக அனுப்பலாம். அடிக்கடி வந்தால் நாமே அனுப்பக் கற்றுக்கொள்வது நல்லது. ஏற்றுமதி-இறக்குமதி எண் வாங்க 500 ரூபாய்தான், பான் அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தால் வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கிவிடலாம். ஆண்டுதோறும் ஏப்ரலில் இருந்து ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்க மறக்காதீர்கள், மறந்தால் எண் தூங்கிவிடும். 2022 கடைசியில் இருந்து அஞ்சல் துறை 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்று நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் ஏற்றுமதி மையங்களைத் திறந்திருக்கிறது. ஏற்றுமதிப் பில்லை நாமே கணினியில் பதிந்து, பார்சலை அஞ்சலகத்தில் கொடுக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் குறியீட்டு எண் கேட்பார்கள். அரிசிக்கு 1006, மஞ்சளுக்கு 0910 என்று தொடங்கும். முதல் தடவை எனக்கு ஒரு காலை முழுவதும் ஆனது. கவுண்டரில் இருந்த தம்பிக்கும் அது புதிதுதான். இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம்.

ஷார்ஜா பெண் இரண்டு ஆண்டு கழித்து மறுபடி எழுதினார். "ஐயா, இந்தத் தடவை நேரா எங்க வீட்டுக்கே அனுப்ப முடியுமா?" முடியும் என்றேன். கவுனி இரண்டு கிலோ, அவல் ஒரு கிலோ. உறைபெட்டியில் வைத்து எடுத்து, என் மனைவியே கட்டினாள். பன்னிரண்டாம் நாள் படம் வந்தது. இந்தத் தடவை படத்தில் இருந்தது கவுனி அரிசிக் கஞ்சி.