விசிறியை விரிப்பது எது?

ஜப்பானின் கியோட்டோ நகரத்து விசிறிக் கலைஞர்களின் வேலையில் ஒரு கட்டம் பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். மடித்து முடித்த தாளைக் கையில் எடுத்து, அதன் விளிம்பில் வாய் வைத்து ஊதுவார்கள். மடக்கு விசிறியின் தாள் ஒற்றைத் தாள் அன்று. மெல்லிய தாள்கள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. அதன் நடு அடுக்கை மெல்லிய மூங்கில் குச்சியால் முன்பே பிளந்து வைத்திருப்பார்கள். ஊதியதும் மடிப்புகளுக்குள் சின்னச் சின்னப் பைகள் திறக்கும். பசை தடவிய மூங்கில் சிம்புகளை அவற்றுக்குள் செருகிவிடுவார்கள்.

தொடக்க கால மடக்கு விசிறிகளில் இந்தத் தாளே கிடையாது. ஹினோக்கி மரத்தில் சீவிய மெல்லிய தகடுகளை அடியில் இணைத்து, மேலே நூல் கோத்த விசிறிகள்தான் இருந்தன. கியோட்டோவின் தோஜி ஆலயத்துச் சிலை ஒன்றின் கைக்குள்ளிருந்து கிடைத்த அத்தகைய விசிறியில் 877ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினார்கள். விசிறி கடல் கடந்து சீனாவுக்குப் போய், அங்கே இரு பக்கமும் தாள் பெற்றுத் திரும்பியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கும் போனது.

வரலாற்றைவிட என்னை ஈர்ப்பது அதன் இயக்கம். நாம் ஓரத்துச் சிம்புகள் இரண்டை மட்டுமே பிடித்து விரிக்கிறோம். இடையிலுள்ள இருபது முப்பது சிம்புகளும் சம இடைவெளியில் தாமாகவே விலகி நிற்கின்றன. அடியிலுள்ள ஆணிக்கு இதில் பங்கில்லை. அது எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சுழல விடுகிறது, அவ்வளவுதான். தாளைக் கிழித்தெறிந்துவிட்டால் சிம்புகள் கண்டபடி சரியும்.

சம இடைவெளியில் விரிக்கும் வேலையைச் செய்வது மடிப்புக் கோடுகள். ஒருமுறை அழுத்தி மடித்த தாள் மீண்டும் மூடவே விரும்பும். விரிக்க முயன்றால் மெல்லிய வில்லைப் போல எதிர்க்கும். விசிறியில் இந்த விற்கள் வரிசையாக, ஒன்றோடொன்று தொடுத்து நிற்கின்றன. ஒரு முனையில் நாம் கொடுக்கும் திருப்புவிசை எல்லா மடிப்புகள் வழியாகவும் ஏறக்குறைய அதே அளவில் கடந்து போகிறது. எல்லா மடிப்புகளின் எதிர்ப்பும் ஒன்றானால் எல்லாம் ஒரே கோணத்துக்குத் திறக்கும். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் அந்த இடம் அகலமாக வாய் பிளக்கும். அதனால்தான் தாளை ஈரமாக்கி, மடிப்புகள் பதிந்த இரண்டு கெட்டியான அச்சுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மூன்றையும் சேர்த்தே மடிக்கிறார்கள். அழகுக்கான கவனம் என்று அதை நினைப்போம். அது முழுக்க முழுக்க இயந்திரவியல்.

இன்னொரு விந்தை விறைப்பு. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டைத் தாளால் வீசினால் அது துவண்டுவிடும். அதே தாளில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு மடிப்புகள் எழுந்தால், மடிப்பின் நீளவாட்டில் வளைவதை எதிர்க்கும் வலிமை சுமார் 400 மடங்காகிறது. உயரத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம் அது. குறுக்குவாட்டில் மட்டும் தாள் இளகியே இருக்கிறது. காற்று மோதும்போது வளையக் கூடாத திசையில் விறைப்பு, கை விரிக்கும் திசையில் நெகிழ்வு: இரண்டும் ஒரே மடிப்பின் கொடை. எந்த நல்ல விசிறியையும் முழுத் தட்டையாக விரிக்க முடியாதபடி செய்வதன் காரணமும் இதுதான். தட்டையானால் வலிமை போய்விடும்.

பனை இனங்கள் இதை மனிதனுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டன. இலங்கையில் பல ஆண்டுகள் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் தாளிப்பனை ஓலையைப் பற்றி வியந்து எழுதினார். பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து காக்கும் அந்த ஓலை, விசிறிபோல் மடிந்து ஓர் ஆளின் கைத்தடிமனுக்குச் சுருங்கிவிடுமாம்.

விசிறி செய்வதில் கடைசி வேலை ஓரத்துச் சிம்புகளில் நடக்கிறது. அந்தத் தடித்த மூங்கில்களைச் சூடாக்கி லேசாக உள்நோக்கி வளைக்கிறார்கள். மூடியதும் இரண்டும் நடுவிலுள்ள தாளையும் சிம்புகளையும் இறுக்கிப் பிடிக்கின்றன. பூட்டு இல்லை, கொக்கி இல்லை. மூங்கிலின் வளைவே பூட்டு.

இதே வடிவம் இன்று விண்வெளியில் வட்டமாக விரிகிறது. 2021 அக்டோபரில் நாசா ஏவிய லூசி விண்கலத்தின் இரண்டு சூரியத் தகடுகளும் மடக்கு விசிறிகளே. ஒவ்வொன்றும் 7 மீட்டருக்கு மேல் விட்டம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தாள் விசிறிக்கு விறைப்பு தருவது மடிப்பின் உயரம். பாதி விரித்தாலும் அது உறுதியாக நிற்கும். விண்கலத் தகட்டுக்கோ விறைப்பு இழுவிசையால் வருகிறது. முழு வட்டமும் நிறைந்து பூட்டிக்கொண்டால்தான் அதன் சவ்வு போன்ற பரப்பு முழுதாக விறைக்கும். லூசியின் ஒரு தகடு முழுவட்டத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. இழுக்கும் கயிறு தளர்ந்திருந்தது. 2022இல் முதன்மை மோட்டாரையும் மாற்று மோட்டாரையும் ஒன்றாக இயக்கி, பொறியாளர்கள் அதை 353 பாகையைத் தாண்டி இழுத்தார்கள். பூட்டு விழவில்லை. பறக்கப் போதுமான விறைப்பு வந்துவிட்டது. அடுத்த ஆண்டே அந்தக் கலம் டின்கினேஷ் என்ற சிறுகோளைக் கடந்து, அதைச் சுற்றும் ஒரு குட்டி நிலவையும் கண்டுபிடித்தது.