மலருள் மறைந்த கட்டுரைகள்

நூலொன்றைத் தேடுவோனுக்கு அதன் பெயரோ ஆசிரியர் பெயரோ தெரிந்தாற் போதும். நூல்நிலையப் பட்டியல் அவனை உரிய அலுமாரிக்கு அழைத்துச் செல்லும். கட்டுரையொன்றைத் தேடுவோனுக்கு அவ்வழி எளிதிற் கிடைப்பதில்லை. கட்டுரை தனித்து வாழ்வதன்று. அது சஞ்சிகையின் ஓர் இதழிலோ, கல்லூரி ஆண்டு மலரிலோ, கோயிற் கும்பாபிஷேக மலரிலோ, காலஞ்சென்ற ஒருவரின் நினைவு மலரிலோ குடியிருப்பது. மலரின் பெயர் பட்டியலில் இடம்பெறும்; மலருள் அடங்கிய இருபது கட்டுரைகளின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறா. ஆகவே, நூல்நிலையத்திற் பத்திரமாக இருந்தும், கட்டுரை இல்லாத பொருளுக்கு ஒப்பாகின்றது.

ஈழத்துத் தமிழரைப் பொறுத்தவரையில் இக்குறை சிறிதன்று. 1841ஆம் ஆண்டில் உதயதாரகை தோன்றிய நாள் முதலாக, இந்நாட்டுத் தமிழ் உரைநடையின் பெரும்பகுதி பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலுமே வளர்ந்தது. 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரி, 1958இல் தோன்றிய கலைச்செல்வி, 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிப் பின்னர்க் கொட்டாஞ்சேனை ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து 2012 வரை வெளிவந்த மல்லிகை ஆகியவை கதைகளையும் கவிதைகளையும் மாத்திரம் தாங்கி வந்தவையல்ல. திறனாய்வு, வரலாறு, சமயம், பயணம் முதலாய பல துறைக் கட்டுரைகளும் அவற்றில் உள்ளன. ஓர் ஊரின் குளத்தைப் பற்றியோ, அங்கு ஆடப்பெற்ற கூத்தைப் பற்றியோ எழுதப்பட்ட ஒரே எழுத்து ஆறு பக்கக் கட்டுரையாக இருத்தல் கூடும். அஃது எந்த இதழில் உள்ளதென்பது மறக்கப்படுமாயின், அவ்வூரின் ஒரு பகுதியே மறக்கப்படுகின்றது.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983 ஜூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகள் பல தீக்கிரையாயின. பின்னர் வெளிநாடு சென்ற குடும்பங்கள் தம்முடன் எடுத்துச் செல்ல இயலாதவற்றுள் பழைய இதழ்க் கட்டுகளும் அடங்கும். இழந்த நூலின் பெயர் தெரிந்தால், அதன் மற்றொரு பிரதியை வேறு நாட்டிலாயினும் தேடலாம். பெயரே பதியப்படாத கட்டுரையைத் தேடுதல் எங்ஙனம்? இழந்தது யாது எனக் கூறுதற்கும் பட்டியல் வேண்டும்.

பட்டியலிடும் பணி ஈழத்தவர்க்குப் புதியதன்று. சைமன் காசிச்செட்டி 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். அவை புலவரைப் பற்றிய தொகுப்புகள். நூல்களைப் பொறுத்தவரை, நூலகவியலாளர் என். செல்வராஜா 2002இல் நூல்தேட்டத்தின் முதற் றொகுதியை வெளியிட்டார். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்னும் அளவில் அப்பணி தொடர்ந்தது. புலவர்க்கும் நூலுக்கும் கிடைத்த இடம், எண்ணிக்கையில் மிகப் பெரிதாகிய கட்டுரைக்கும் கிடைத்தல் வேண்டும்.

பிற நாடுகளில் இதற்கு வழிகாட்டியவர் வில்லியம் பூல் என்பவர். ஐக்கிய அமெரிக்காவின் யேல் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, சஞ்சிகைகளில் வெளிவந்த கட்டுரைகளுக்கு ஒரு பொருளகராதியை ஆக்கி 1848இல் வெளியிட்டார். சஞ்சிகைகள் பெருகப் பெருக அது தனி ஒருவரால் இயலாத பணியாயிற்று. ஆதலால், 1882ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பல நூல்நிலையத்தார் சஞ்சிகைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒரே விதியின்படி பதிவு செய்து உதவினர். இன்று இணையத்திற் காணப்படும் கூட்டுத் தரவுத்தளங்களின் அடிப்படையும் இதுவே.

தமிழில் அத்தகைய முயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணைய நூல்நிலையமாகும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிப் பேணும் அத்தளம் மீடியாவிக்கி என்னும் மென்பொருளில் இயங்குகின்றது. சஞ்சிகை இதழ்கள் பலவற்றின் பக்கங்களில் வெளியீட்டு விவரத்தோடு ‘உள்ளடக்கம்’ என்னும் பகுதியும் உண்டு. கட்டுரைத் தலைப்புகளும் எழுதியோர் பெயர்களும் அங்கு தட்டச்சிடப்பட்டுள்ளன. மின்வடிவாக்கம் பக்கத்தின் படத்தைக் காக்கின்றது. கட்டுரையைத் தேடுவோன் கையிற் சேர்ப்பது இவ்வுள்ளடக்கப் பட்டியலே.

ஒரு கட்டுரையைப் பதிவு செய்தற்கு வேண்டியவை சில: தலைப்பு, எழுதியவர் பெயர், இதழின் பெயர், இதழ் எண், மாதம், ஆண்டு, தொடங்கும் பக்கம், முடியும் பக்கம், எழுத்தின் வகை என்பன. இவற்றுள் வகையைத் துணிதலே பலருக்கும் ஐயம் தருவது. ஆசிரியத் தலையங்கமும் அணிந்துரையும் கட்டுரையாகுமா? நூல் மதிப்புரையை எங்கு வைப்பது? அறிவியற் புனைகதைகளுக்கென 1995இல் ஆங்கிலத்தில் தொடங்கிய கூட்டுத் தரவுத்தளம் ஒன்று, முன்னுரைகளையும் தலையங்கங்களையும் கட்டுரை வகையில் அடக்கி, மதிப்புரைக்கும் நேர்காணலுக்கும் தனி வகைகள் வகுத்துள்ளது. எப்பிரிவு சிறந்தது என்பதிலும், வகுத்த பிரிவை அனைவரும் ஒரு நெறியாகக் கைக்கொள்ளுதலே முக்கியமாகும்.

பெயர்களில் நேரும் மயக்கம் இன்னும் பெரிது. சிவஞானசுந்தரம் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோமாயின், இலங்கையர்கோன் என்னும் புனைபெயரில் எழுதியவர் த. சிவஞானசுந்தரம், நந்தி என்னும் பெயரில் எழுதிய மருத்துவப் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், சிரித்திரன் இதழை நடத்திய ஓவியர் சி. சிவஞானசுந்தரம். முதலெழுத்தை விட்டுவிட்டுப் பதிவு செய்தால், எழுத்தாளர் மூவர் ஒருவராகிவிடுவர். புனைபெயரையும் இயற்பெயரையும் இணையாது விட்டாலோ, ஒருவர் இருவராகிவிடுவார். அச்சில் உள்ள பெயரை அவ்வாறே பதிந்து, அதனை ஆசிரியரின் பொதுப் பெயரோடு தொடுத்து வைத்தலே இதற்குத் தக்க வழி. அச்சிற் பிழையிருப்பினும் அதனை மறைவாகத் திருத்துதல் ஆகாது. உள்ளவாறு காட்டித் திருத்தத்தைக் குறிப்பாக எழுதுதல் வேண்டும். இல்லையேல், பின் வருவோன் மூல இதழைக் கையிலெடுக்கும்போது, பட்டியல் கூறுவது இக்கட்டுரையையோ வேறொன்றையோ என மயங்குவான்.

ஒரே கட்டுரை பல இடங்களில் வெளிவருதலும் உண்டு. சஞ்சிகையில் வந்தது சில ஆண்டுகளின் பின் தொகுப்பு நூலிற் சேரும், தலைப்பும் மாறக்கூடும். முதல் வெளியீட்டின் ஆண்டைப் பதியாவிடின், 1962இல் ஒருவர் கூறிய கருத்து 1985இல் கூறியதாகக் கொள்ளப்படும். யார் எதனை முதலிற் கூறினார் என்னும் வினாவுக்கு விடை பிழைத்துப்போம். கருத்து வரலாற்றை எழுதுவோனுக்கு இது சிறு பிழையன்று.

பலர் கூடிச் செய்யும் பணியிற் பிழையும் பலவாகும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ‘ஆறுமுகநாவலர்’ என ஒருவர் சேர்த்தும், ‘ஆறுமுக நாவலர்’ என மற்றொருவர் பிரித்தும் எழுதினால், கணினி அவற்றை இரு பெயர்களாகக் கொள்ளலாம். ஆயினும், அச்சிட்ட பட்டியலின் பிழை அடுத்த பதிப்பு வரையும் நிலைக்கும்; கூட்டுத் தரவுத்தளத்தின் பிழை, கண்டவர் கையால் அன்றே திருத்தப்படலாம். இதழைக் கண்ணாற் கண்டு பதிதல், நினைவிலிருந்து பதியாமை ஆகிய இரண்டையும் அனைவரும் கடைப்பிடிப்பாராயின் பிழைகள் மிகக் குறையும்.

இப்பணி கல்லூரிகளுக்குப் பெரிதும் ஏற்றது. வெள்ளவத்தையிற் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூல்நிலையம் உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு அலுமாரிகளில் துணியிற் கட்டி வைக்கப்பட்ட பழைய மலர்களும் இன்னும் இருத்தல் கூடும். பழைய மாணவர் ஒருவர் ஒரு மலரைக் கொணர்ந்தால், மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் அதன் உள்ளடக்கத்தைப் பதியலாம். ஆசிரியர் ஒருவர் ஒப்புநோக்கித் திருத்தலாம். பூல் அவர்களும் மாணவப் பருவத்திலேதான் தொடங்கினார்.

கல்லூரி மலரில் எழுதிய ஆசிரியர் பலர் தனி நூல் வெளியிட்டவரல்லர். ஓய்ந்த இரவுகளிற் படித்து, ஆராய்ந்து எழுதிய அவ்வொரு கட்டுரையே அவர் விட்டுச்சென்ற எழுத்தாக இருத்தல் கூடும். அதற்கு ஒரு வரிப் பதிவு செய்தல் பெருஞ்செலவன்று. அவ்வரி இருக்கும்வரை, அவர் எழுதியதை என்றேனும் ஒருவர் தேடி அடைவர்.