விரிவுரையாளர் ஆய்வுத் தலைவராவது எப்போது?

பூனாகலைப் பக்கத்துப் பிள்ளையொன்று சிறப்புப் பட்டம் எடுத்து, பல்கலைக்கழகத்திலேயே தகுதிகாண் விரிவுரையாளராகவும் ஆகிவிட்டால், "இனி என்ன, கரை சேர்ந்தாச்சு" என்பார்கள் ஊரில். வேலையே அங்கேதான் தொடங்குகிறது. மேற்பட்டம் முடித்தால்தான் நியமனம் உறுதியாகும். அந்தப் பட்டம் ஒருவரை ஆய்வாளராக்கும், சரி. பத்துப் பேரை ஆய்வுக்குள் கொண்டுவந்து நடத்துகிறவராக்குமா?

பாணந்துறையில் 1922 இல் பிறந்த ம. மு. உவைஸ் அவர்களைப் பாருங்கள். விபுலாநந்த அடிகள் 1943 இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் படித்தவர். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பையே முதுமாணி ஆய்வுக்கு எடுத்தார். அது 1953 இல் ஆங்கில நூலாக வந்தது. சீறாப்புராணத்துக்கு அப்பால் நம்மவர் எழுதியதை அன்று எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்?

நூல் வந்ததோடு அவர் தலைவராகிவிடவில்லை. ஆசிரியத் தொழில், மொழிபெயர்ப்பு (மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வைத் தமிழாக்கியவரும் இவரே), விரிவுரை என்று காலம் போனது. 1979 இல்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் இருக்கை அமைந்து, அவர் பேராசிரியரானார். வயது 57. அங்கே பீ. மு. அஜ்மல்கானைச் சேர்த்துக்கொண்டு இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். முதல் தொகுதி 1986 இல் வந்தது. ஒரு தனி மனிதரின் ஆர்வம் ஒரு துறையாக மாறியது அப்போதுதான். இருக்கை, நேரம், கூட எழுத ஓர் ஆள்: மூன்றும் கிடைக்க ஏறக்குறைய முப்பது வருடம்! இன்னும் பத்து வருடம் முந்திக் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் வந்திருக்குமோ.

இலக்கியத்துக்கு மட்டுமுள்ள கதையல்ல இது. பதுளையில் 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. தேயிலைத் தொழில்நுட்பத்தையே பட்டமாகப் படிப்பிக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடியது. ஏன் சரிந்தது, அடுத்தது எது, அந்த மக்களை எங்கே குடியேற்றுவது என்று கேட்டால் மண் தெரிந்தவர், மழைக் கணக்குத் தெரிந்தவர், தோட்டத்துச் சனத்தோடு தமிழில் உட்கார்ந்து பேசக்கூடியவர் எல்லாரும் ஒரே மேசைக்கு வர வேண்டும். பதவி உயர்வுப் புள்ளிக்காக ஆளுக்கொரு கட்டுரை எழுதினால் அந்த மேசை கூடாது. கூட்டுகிற ஒருவர் வேண்டும்.

அவர் வெளியிலிருந்து வரமாட்டார். இப்போது அங்கே இருக்கிற இளம் விரிவுரையாளர்களில் ஒருவராகத்தான் இருப்பார். அவர் தலையில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலப் பாடம், எத்தனை கட்டு விடைத்தாள் ஏற்றியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். மூத்த பேராசிரியர் தன் ஆய்வில் அவருக்கு ஒரு பகுதியை முழுசாகக் கொடுத்திருக்கிறாரா, அல்லது தரவு சேர்க்க மட்டும் அனுப்புகிறாரா என்பதையும்.