உஷார்! தீர்ப்பு கைக்கு வந்தால் 14 நாள்தான்!

மெர்லிமாவ், ஜாசின், சுங்கை ரம்பை பக்கம் ஆலைக்கும் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகும் தங்கச்சிகளே, தம்பிகளே! கொஞ்சம் நின்று இதைப் படியுங்கள்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா? நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் தேதி தவறினால் அந்த நியாயத்தைக் கேட்க ஆளே இல்லை!

இங்கே ஓர் அக்காவுக்கு நடந்தது இது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் 'ஆள்குறைப்பு' என்று அனுப்பிவிட்டார்கள். விடாமல் தொழிலியல் நீதிமன்றம் வரை போனார். தீர்ப்பு பாதகமாக வந்தது. பக்கம் பக்கமாக ஆங்கிலம். "தம்பி கேஎல்லிலிருந்து வந்து படிச்சுச் சொல்லட்டும்" என்று கவரைச் சாமி மேடையில் வைத்தார். தம்பி வர மூன்று வாரம் ஆனது. வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "இது என்றைக்குக் கைக்கு வந்தது?" பதிலைக் கேட்டதும் வக்கீலின் முகம் மாறிவிட்டது.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 14 நாள்தான் கெடு! தீர்ப்பு கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. புரிந்த நாளிலிருந்து அல்ல!

இந்த மேல்முறையீட்டு உரிமையே 2021 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1991-இல் கர்ப்பத்தால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் ஒருவர் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதியே தரவில்லை. இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2023 முதல் கர்ப்பிணியை வேலைநீக்கம் செய்யத் தடை உண்டு. வேலையிடப் பாகுபாட்டை விசாரித்து உத்தரவிட ஆள்பல இலாகாவுக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் நேரத்தோடு கேட்டால்தான் இதெல்லாம் உதவும்!

நீதிமன்றம் போவதற்கு முன்பே உள்ள இந்த ஆபத்துகளையும் கவனியுங்கள்:

"மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், பொறுங்கள்" என்று கம்பெனியில் சொல்வார்கள். பொறுக்காதீர்கள்! வேலை மீண்டும் வேண்டுமென்றால் நீக்கிய 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கம்பெனிக்குள் போடும் அப்பீலுக்காக அந்தக் கெடு நிற்காது. லீவு நாளும் கணக்கில் சேரும்.

இலாகா மாறிப் போகாதீர்கள்! சம்பளப் பாக்கிக்கு ஆள்பல இலாகா. போன வேலை திரும்ப வேண்டுமா? தொழிலியல் உறவு இலாகா. போர்டில் 'பெர்ஹுபுங்ஙான் பெருசஹாஆன்' என்று இருக்கும்.

"ராஜினாமா எழுதிக் கொடு, பணம் தருகிறோம்" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்! நீங்களாகவே விலகியதாக அந்தக் காகிதத்தையே காட்டுவார்கள்.

தொழிலியல் உறவு இலாகா சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்காதீர்கள்! தக்க காரணமில்லாமல் வராவிட்டால் மனுவைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அரசாங்க வேலையா? உங்களுக்கு இந்த 60 நாள் வழி இல்லை. உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்க வேண்டும். கெடு 3 மாதம்.

வேலைநீக்கக் கடிதமோ தீர்ப்போ வந்ததும் கவரிலேயே வந்த தேதியை எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். மறுநாளே தொழிற்சங்கத்திடமோ, வக்கீலிடமோ, காசு இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திடமோ காட்டுங்கள். வீட்டில் யாரும் படித்துச் சொல்லக் காத்திருக்காதீர்கள்!