பூச்சிக்குப் பெயர் வைக்கும் அறைக்குள்ளே

வாங்க, உள்ளே போகலாம்! கதவை மட்டும் மெல்லச் சாத்துங்கள். காற்றடித்தால் மேசையில் இருப்பவை பறந்துவிடும். தெற்கு இங்கிலாந்தில் இது ஒரு பூச்சியியல் ஆய்வறை. பிர்ச் மரத்து அசுவினிக்கு இங்கேதான் பெயர் கிடைக்கப்போகிறது, அதுவும் நம் கண்ணெதிரே!

வேலை காலையிலேயே மரத்தடியில் தொடங்கிவிட்டது. கீழே நின்ற கார் கண்ணாடி முழுக்கப் பிசுபிசுப்பு. எல்லாம் அசுவினி சிந்திய தேன்கழிவு. ஆய்வாளர் அம்மா கிளைக்கடியில் வெள்ளைத் தட்டைப் பிடித்துக் கம்பால் ஒரு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று விழுந்தன. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், வெளிர்பச்சை உடம்பு, மேலே நீலம் பாய்ந்த வெள்ளை மெழுகுப்பூச்சு. விழுந்த வேகத்தில் ஓட்டம்! ஆல்கஹாலில் நனைத்த தூரிகையோடு துரத்தியவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "கொஞ்சம் நில்லேன்மா!" என்று பூச்சியிடமே கெஞ்சினார்.

வளர்ந்த ஒவ்வொன்றுக்கும் இறக்கை இருந்தது. அதைப் பார்த்ததுமே அவர் முகத்தில் சிரிப்பு. யூசெராஃபிஸ் என்னும் அசுவினிப் பேரினத்தில் கோடைக்காலத் தாய்மார் எல்லோருமே இறக்கைக்காரிகள். இறக்கையில்லாத பெண்கள் இலையுதிர்காலத்தில், முட்டையிடத்தான் வருவார்கள். நிறத்தை அங்கேயே குறித்துக்கொண்டார்; ஆல்கஹாலில் விழுந்தால் மெழுகும் நிறமும் போய்விடுமாம்.

அறையிலோ கால் வைக்க இடமில்லை. கண்ணாடிக் குழாய்கள், வாடிய கிளைகள், பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டுகள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால் இங்கே பென்சில்தான் ராஜா. தேநீர்க் கோப்பையும் தூரிகை கழுவும் கோப்பையும் ஒரே நிறம். "மாற்றிக் குடித்தவர் இங்கே ஒருவர் உண்டு" என்கிறார் உதவியாளர். மூலையில் இருந்தவர் தலையைக் குனிந்துகொள்கிறார்!

இப்போது கவனியுங்கள். பூச்சியின் வயிற்றில் ஊசியால் ஒரு சின்னத் துளை, பிறகு சூடான காரக் கரைசலில் ஒரு குளியல். உள்ளிருப்பது கரைந்து, உடம்பு கண்ணாடியாகிறது. நுண்ணோக்கியில் குனிந்தேன். தாயின் வயிற்றுக்குள் குட்டிகள்! மடித்த கால்கள், புள்ளியாய்க் கண்கள். ஆண் துணையே இல்லாமல் உருவாகி, குட்டியாகவே பிறக்கவிருந்தவை. கண்ணை எடுக்கவே மனமில்லை எனக்கு.

உணர்கொம்பையும் அலகு நுனியையும் அளந்தாயிற்று. ஆனாலும் பெயர் முடிவாகவில்லை. ஐரோப்பிய பிர்ச் மரங்களில் இருப்பது ஒரே யூசெராஃபிஸ் இனம் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1977இல் அசுவினி ஆய்வாளர் ரோஜர் பிளாக்மன்தான் அவை இரண்டு என்று காட்டினார்: வெள்ளிப் பிர்ச்சில் பெட்டுலே, ரோமப் பிர்ச்சில் பங்டிபென்னிஸ். இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அதனால் பூச்சியைப் பார்த்த கண் மரத்தையும் பார்த்தாக வேண்டும். அந்த மரங்களோ தங்களுக்குள் கலப்பினமும் தருபவை!

"கிளை எங்கே?" என்று குரல் எழுந்ததும் ஆளுக்கொரு மூலையில் தேடல். காகிதக் கட்டுக்கு அடியில் கிடைத்தது. லென்ஸை வைத்துப் பார்க்கிறார். இளங்கிளையில் ரோமம் இல்லை. சொரசொரப்பாகச் சின்னச் சின்னப் பிசின் மருக்கள். இலையும் முக்கோணமாய், ஓரத்தில் இரட்டைப் பல்வரிசையோடு இருக்கிறது. வெள்ளிப் பிர்ச்சேதான்! சீட்டில் பென்சில் ஓடுகிறது: யூசெராஃபிஸ் பெட்டுலே. உதவியாளர் கைதட்டுகிறார், நானும்தான்.

அதற்குள் அடுத்த குழாய் வந்துவிட்டது. அதே மரத்தின் குச்சியில் ஒட்டியிருந்த பழுப்பு நிறப் பளபளப்புக்காரர்கள். தேன்கழிவு குடிக்க வந்த எறும்பு ஒன்றும் கூடவே அகப்பட்டிருக்கிறது. "முதலில் இந்த விருந்தாளியை வெளியே விடுங்கள்" என்கிறார் அம்மா.